கரடிக் கூண்டின் அந்தப் பக்கம்

கையை நீட்டு பாப்பா என்றாள் அந்தப் பெண் காவலர், என் மகள் மிதுலா நீட்டினாள். போன் நம்பர் சொல்லுங்கம்மா என்றாள், சொன்னேன். பத்து எண்ணும் மூச்சு விடாமல் வந்து விழுந்தது. காகிதப் பட்டையில் நீலப் பேனாவால் எழுதிக்கொண்டே, “டபுள் செவன்தானேம்மா?” என்று கேட்டாள், ஆமாம் என்றேன், பின்னால் நின்ற, வேனில் வந்த குடும்பத்தின் சாப்பாட்டுக் கூடை என் இடுப்பில் இடித்தது, உள்ளே வந்துவிட்டோம். நடந்தது இவ்வளவுதான். இதில் உறுத்துவதற்கு என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. ஆனால் அரை மணி நேரமாக இந்த சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் புளியோதரை டப்பாவை வைத்துக்கொண்டு, செருப்புக்குள் கல் புகுந்த மாதிரி எதையோ திரும்பத் திரும்ப மிதித்துக்கொண்டிருக்கிறேன். வெயில் இறங்கிவிட்டது. காணும் பொங்கல் அன்று கிண்டி சிறுவர் பூங்காவுக்கு வருகிறவனுக்குப் புத்தி கிடையாது என்று என் கணவர் கோபி காலையில் சொல்லிவிட்டு ஒரகடத்துக்கு ஷிப்டுக்குப் போய்விட்டார். புத்தி இல்லாதவர்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள் போல. புதுப் பாவாடை, புதுச் சட்டை, கழுத்தில் விலை அட்டை கிழிக்காத ஒரு பெரியவர், புல் தெரியாத அளவுக்கு விரித்த பெட்ஷீட்டுகள், பாதி கடித்த கரும்பு. மைக்கில் ஒரு ஆண் குரல், மஞ்சள் சட்டை அணிந்த நான்கு வயதுச் சிறுவன், பெயர் சொல்லத் தெரியவில்லை, பெற்றோர் உடனே நுழைவாயில் காவல் உதவி மையத்துக்கு வரவும். என் பிள்ளை இல்லை என்று தெரிந்தும் கழுத்தை நீட்டித் தேடுகிறேன். என் பிள்ளை அதோ, மான் வேலிக்குப் பக்கத்தில், அவள் மாமா, என் தம்பி பார்த்திபனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பச்சைப் பாவாடை. இரட்டைப் பின்னல். கல்யாணமாகிப் பதினாலு வருஷம் கழித்துப் பிறந்தவள், இப்போது ஆறு வயது. பச்சைப் பாவாடை, இரட்டைப் பின்னல். மனசுக்குள் மைக்கில் சொல்வதுபோலவே சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன், எதற்கு இந்தக் கெட்ட பழக்கம்.

டபுள் செவன். அதை விடு. இந்தப் பட்டை கட்டுகிற ஏற்பாடெல்லாம் எங்கள் காலத்தில் ஏது. எங்கள் காலத்தில் அப்பாதான் பட்டை. எங்கே கூட்டிக்கொண்டு போனாலும் வாசலிலேயே எங்களை நிறுத்துவார், எனக்கும் பார்த்திக்கும் நடுவில் குந்தி உட்கார்ந்துகொள்வார், “தொலைஞ்சா எங்க நிக்கணும்?” என்பார். அதைச் சொல்லாமல் உள்ளே ஒரு அடி வைக்க முடியாது. ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு நிற்கும் இடம் உண்டு. மெரினா என்றால் உழைப்பாளர் சிலை, சிலையில் கடைசியாக நிற்கும் ஆளின் காலடி. எழும்பூர் மியூசியம் என்றால் திமிங்கல எலும்புக்கூடு. மியூசியத்தைச் செத்த காலேஜ் என்பார்கள் எங்கள் வியாசர்பாடியில், மூர் மார்க்கெட்டுக்குப் பின்னாலிருந்த மிருகக்காட்சிசாலையை உயிர் காலேஜ் என்பார்கள், இரண்டு காலேஜும் முடித்தவள் நான் என்று ஆபீஸில் சொன்னால் சின்னப் பெண்கள் முழிக்கிறார்கள். உயிர் காலேஜில் கரடிக் கூண்டு. பாம்புப் பண்ணையில் டிக்கெட் கொடுக்கிற ஜன்னல். அடையாறு ஆலமரத்தில் மட்டும் அப்பாவுக்கே குழப்பம் வந்துவிட்டது, எந்த விழுதைச் சொல்வது, எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதே என்று மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார், அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “மரத்தைப் பார்க்க வந்தோமா, தொலையறதுக்கு வந்தோமா?” என்று கேட்டாள். அப்பா சிரிக்கவில்லை. இந்த விஷயத்தில் மட்டும் அவர் சிரிக்க மாட்டார். தொலைஞ்சவங்க நடக்கக் கூடாது, நடந்தா ரெண்டு பேரும் சுத்திக்கிட்டே இருப்போம், நீங்க நில்லுங்க, நான் வருவேன் என்பார். வருவேன் என்பதை அழுத்தமாகச் சொல்வார். இன்றைக்கு வாசலில் மிதுலாவுக்கு நான் நிற்கும் இடம் சொன்னேனா? சொல்லவில்லை. பட்டை கட்டியாகிவிட்டதே என்று விட்டுவிட்டேன். போலீஸ் இருக்க அப்பா எதற்கு.

பார்த்தி அவளைத் தூக்கி வேலிக்கு மேலே காட்டுகிறான். முன்பக்கம் முடி போய்விட்டது அவனுக்கு, பின்னாலிருந்து பார்த்தால் அப்பாவின் கழுத்து, அதே சதை மடிப்பு. வருஷா வருஷம் காணும் பொங்கலுக்கு அக்கா வீட்டுக்கு வந்துவிடுவான், போன வருஷமும் வந்தான், இந்த வருஷமும் வந்தான், வந்தால் பேச்சு மிதுலாவோடுதான். என்னோடு, எப்படி இருக்கே, மாமா எப்படி, சாப்டியா, அவ்வளவு. நானும் அவ்வளவுதான். உயிர் காலேஜில் அவன் தொலைந்தபோது அவனுக்கு ஐந்து வயது, எனக்கு ஏழு. அதுவும் காணும் பொங்கல்தான். அவன் கையை நான்தான் பிடித்திருந்தேன். கரும்புச் சாறு ஒட்டிப் பிசுபிசுவென்று இருந்தது அந்தக் கை, ஒரு நிமிஷம் விட்டுவிட்டு என் பாவாடையில் துடைத்துக்கொண்டேன், திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவனே உதறிவிட்டு ஓடினான் என்றுதான் அப்பாவிடம் சொன்னேன். அப்பா நேராகக் கரடிக் கூண்டுக்குப் போனார், அவன் இல்லை. அப்புறம்தான் அப்பாவின் முகம் மாறியது. நாங்கள் யானை, குரங்கு, முதலைத் தொட்டி, மூர் மார்க்கெட் வாசல் வரைக்கும் ஓடினோம், அம்மா ஒரு செருப்பைத் தொலைத்துவிட்டு ஒற்றைச் செருப்போடு ஓடினாள், ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும். கடைசியில் பார்த்தால் அவன் கரடிக் கூண்டில்தான் நின்றிருக்கிறான். அந்தப் பக்கம். கூண்டு வட்டமாக இருந்தது, நாங்கள் இந்தப் பக்கம் வந்து பார்த்துவிட்டு இல்லை என்று ஓடிவிட்டோம், சுற்றிப் போய்ப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. டவுசரை நனைத்துக்கொண்டு, அழுது அழுது முகம் வீங்கி, ஆனால் நின்ற இடத்தை விட்டு ஓர் அடி நகராமல் நின்றான். “நீங்கதானே நிக்கச் சொன்னீங்க” என்றான் அப்பாவைப் பார்த்து. அப்பா அவனைத் தூக்கிக்கொண்டு, எல்லார் முன்னாலும், குலுங்கிக் குலுங்கி அழுதார். அப்பா அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அந்தக் கரடி ஒன்றும் நடக்காத மாதிரி வேர்க்கடலை பொறுக்கிக்கொண்டிருந்தது.

மான் வேலியிலிருந்து நகர்ந்து பறவைக் கூண்டுப் பக்கம் போகிறார்கள். பச்சைப் பாவாடை. தெரிகிறது. டபுள் செவன். என் நம்பரில் டபுள் எதுவும் இல்லையே. இல்லையா? என் நம்பரை நான் யாருக்கும் சொல்வதே இல்லை, மிஸ்டு கால் கொடுத்துவிடுவேன், போன வருஷம்தான் மாற்றினேன், ஒன்பது எட்டு நாலு, அப்புறம், அப்புறம் ஒரு சைபர் வரும். கோபியின் நம்பர் எனக்குத் தெரியாது. பார்த்தியின் நம்பரும் தெரியாது. போனில் பெயர் இருக்கிறது, பெயரைத் தொட்டால் ஆள் பேசுகிறார், இதற்கு மேல் எதற்கு. அப்பா இருந்தால் கோபம் வந்திருக்கும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தொரு வருஷம் ஆபரேட்டராக இருந்தவர், தணிகாசலம், டிரங்க் கால் காலத்து ஆள். காதில் ஹெட்செட் மாட்டிய தழும்பு கடைசி வரை போகவில்லை. பாதி மெட்ராஸின் நம்பர் அவருக்கு மனப்பாடம். பஸ்ஸில் போகும்போது கடை போர்டுகளில் இருக்கும் நம்பரைக் காட்டி, பஸ் தாண்டியதும் சொல்லு என்பார், நான் சொல்லிவிடுவேன், பார்த்தி விட்டத்தைப் பார்ப்பான். நம்பரை எண்ணாக ஞாபகம் வைக்காதே, பாட்டாக வை என்பார். எங்கே மூச்சு விடணும், எங்கே டபுள் போடணும், அதுதான் நம்பர். யார் நம்பர் சொன்னாலும் திருப்பிச் சொல்லணும், திருப்பிச் சொல்லாதவன் ஆபரேட்டரே இல்லை. வீட்டுக்கு டிபார்ட்மென்ட் போன் வந்த அன்று எங்கள் இரண்டு பேரையும் அதன் முன்னால் உட்கார வைத்துப் பாடம் எடுத்தார். மணி அடித்தால் சும்மா ஹலோ ஹலோ என்று கத்தக் கூடாது. எடுத்ததும், “தணிகாசலம் வீடு. யார் வேணும்?” அப்படித்தான் சொல்லணும். எடுத்த உடனே எங்கே பேசுகிறோம் என்று கூப்பிட்டவருக்குத் தெரிந்துவிட வேண்டும், பாவம், அவர் எங்கிருந்தோ கூப்பிடுகிறார். கல்யாணமாகி வேறு வீட்டுக்குப் போன புதிதில் நான் அங்கே போன் எடுத்துத் தணிகாசலம் வீடு என்று சொல்லிவிட்டேன், மாமியார் ஒரு மாசம் அதையே சொல்லிக் காட்டினாள். நான் கொஞ்சம்கூட வெட்கப்படவில்லை, அதுதான் வேடிக்கை.

அப்பா ரிட்டயரான வருஷம் கையில் செல்போன் வந்தது. பட்டன் போன். மணியை மட்டும் பழைய கறுப்பு போன் மாதிரி வைத்துக்கொண்டார், டிரிங் டிரிங் என்று இரண்டு தெருவுக்குக் கேட்கும். அம்மா போன பிறகு செம்மொழிப் பூங்காவில் சாயந்திரம் நடக்கப் போவார், சனிக்கிழமைகளில் நானும் போவேன். எனக்கு முன்பே வந்து அல்லிக் குளத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். நான் வாசலில் நுழையும்போதே போன் வரும். “எங்க இருக்கே?” எப்போது கூப்பிட்டாலும் முதல் வார்த்தை அதுதான். எப்படி இருக்கே என்று கேட்கவே மாட்டார், எங்க இருக்கே. நான் அவர் தலையைப் பார்த்துக்கொண்டே, “உங்க பின்னாலதாம்பா” என்பேன். அவர் திரும்பாமல், “எவ்ளோ தூரத்துல?” என்பார். இருபதடி, பத்தடி, ஐந்தடி என்று சொல்லிக்கொண்டே நடப்பேன், போனை வைக்காமல் கேட்டுக்கொண்டே இருப்பார், தோளைத் தொட்டதும், சரி லைனை வச்சுடறேன் என்பார். மல்லிகைப் பந்தலுக்குக் கீழே அப்படி உட்கார்ந்து கடலை தின்ற சாயந்திரங்கள் மாதிரி எனக்கு இனி ஒன்று கிடைக்காது, அது தெரிந்துதான் இருக்கிறது. அப்பா போய் ஒன்றரை வருஷமாகிறது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த சாயந்திரம் பார்த்தி எல்லாவற்றையும் பிரித்து வைத்தான், சட்டைகள் யாருக்கு, ஸ்கூட்டர் யாருக்கு, கண்ணாடி கோயிலுக்கு. நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அப்பாவோட போன், அந்த நம்பரோட எனக்கு வேணும்டா. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “அதெல்லாம் க்ளோஸ் பண்ணியாச்சுக்கா” என்றான். பதினாறு நாளில். சாம்பல் கரைத்த ஈரம் காயாமல் நம்பரைக் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டு வந்திருக்கிறான், என்ன அவசரம் இவனுக்கு என்று அன்றைக்கு நெஞ்சு வெந்தது, இன்றைக்கும் வேகிறது. அந்த நம்பர் இந்நேரம் வேறு யாருக்கோ போயிருக்கும். யாரோ முகம் தெரியாதவன் அதை எடுத்து ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருப்பான். எவ்வளவு அழகான நம்பர் அது, ஒரே மூச்சில் வரும், கடைசியில் டூ, டபுள் செவன், நைன்.

டூ, டபுள் செவன், நைன்.

டப்பா மடியிலிருந்து சரிகிறது, பிடித்துக்கொள்கிறேன். மிதுலாவின் கையில் அப்பா நம்பர் இருக்கிறது. நான்தான் சொன்னேன், கேட்டதும் வாய் சொல்லிவிட்டது, அது ஒன்றுதானே வாய்க்குத் தெரியும். திருப்பியும் கேட்டாள் அந்தப் பெண், ஆமாம் என்றேனே, தணிகாசலத்தின் மகள். எழுந்து போய் மாற்றிக் கட்டு. இப்போதே எழுந்து போ. பார்த்தி, குழந்தையைக் கூட்டிட்டு வாடா, நம்பர் தப்பாயிடுச்சு. எந்த நம்பர்க்கா குடுத்தே? என்ன சொல்வேன் அவனிடம். நீ பதினாறு நாளில் மூடிய நம்பரைத்தான் இன்னும் நான் வைத்திருக்கிறேன் என்றா? அவன் ஒன்றும் சொல்ல மாட்டான், உதட்டை மடித்துக்கொள்வான், அது போதும் எனக்கு. இருக்கட்டும். குழந்தை கண் முன்னால்தானே இருக்கிறாள், இன்னும் ஒரு மணி நேரத்தில் கிளம்பப் போகிறோம், வீட்டுக்குப் போனதும் கத்தரியால் வெட்டி எடுத்து எங்கேயாவது பத்திரமாக வைத்துக்கொள்ளலாம். ஆமாம், அதை வைத்துக்கொள்ளலாம். இப்படி யோசிக்கிற எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுந்திருக்கவில்லை. பறவைக் கூண்டுப் பக்கம் ஒரே கூட்டம். ஒரு பச்சைப் பாவாடை தெரிகிறது, அது வேறு பச்சை. இன்னொன்று, அதற்கு ஒற்றைப் பின்னல்.

பார்த்தி வருகிறான். இரண்டு கையிலும் மாங்காய்ப் பத்தைக் காகிதம். இரண்டு கையிலும். தனியாக வருகிறான்.

“மிது எங்கடா?”

“இங்க வரலையா? அம்மா கிட்ட போறேன்னு சொல்லிட்டு ஓடி வந்தாளே. உன்னைப் பார்த்துக் கை காட்டினா, நானும் பார்த்தேன்.”

“நான் பார்க்கலடா.”

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், அப்பாவை. மாங்காய் கீழே விழுகிறது. பார்த்தி பெஞ்சின் மேல் ஏறி மிது மிது என்று கூப்பிடுகிறான், அந்தக் குரலுக்கு நாலு பிள்ளைகள் திரும்பிப் பார்க்கிறார்கள், அவள் இல்லை. எழுந்து நின்று சுற்றிச் சுற்றிப் பார்க்கிறேன். அந்தப் பக்கம் வனம், இந்தப் பக்கம் மெயின் ரோடு, வாசல் திறந்தே கிடக்கிறது, பதினாலு வருஷம், ஒரு பிசுபிசுப்பான கை, நான் விட்டுவிட்ட கை. பார்த்தி குதித்து இறங்குகிறான்.

“கையில பட்டை இருக்குல்லக்கா, பயப்படாதே. யாராவது பார்த்தா கூப்பிடுவாங்க. உன் போனைக் கையில வச்சுக்கோ. நான் வாசல் போலீஸ் பூத்துக்குப் போறேன்.”

“கூப்பிட மாட்டாங்க.”

“ஏன்?”

“என் நம்பர் இல்லடா அது.” அவன் சட்டையைப் பிடித்துக்கொள்கிறேன், மிதுலா பிடித்திருந்த அதே இடத்தில். “அப்பா நம்பரைக் குடுத்துட்டேன். வாய் தவறி வந்துடுச்சு. அப்பா நம்பர்டா.”

அவன் உதட்டை மடிக்கவில்லை. என்னையே பார்க்கிறான். அப்புறம் மெதுவாக, பேன்ட்டின் உள் பாக்கெட்டில் கைவிட்டு, ஒரு கர்ச்சீப்பைச் சுற்றியிருந்த எதையோ எடுக்கிறான். நான் கர்ச்சீப்பைத்தான் முதலில் பார்த்தேன், கண்ணைத் துடைக்கக் கொடுக்கிறான் போல என்று. உள்ளே அந்தப் பட்டன் போன். அஞ்சாம் நம்பர் பட்டன் தேய்ந்து வழுவழுவென்று. திரையில் வெளிச்சம் இருக்கிறது, மணி நாலு நாற்பத்தெட்டு.

“க்ளோஸ் பண்ணிட்டேன்னியே.”

“பேங்க்கு, கேஸ் சிலிண்டரு எல்லாம் இதுலதான்கா இருந்துச்சு. மாத்தற வரைக்கும்னு வச்சிருந்தேன்.” போனைப் பார்த்துக்கொண்டே பேசுகிறான். “எல்லாம் போன வருஷமே மாத்திட்டேன்.”

“அப்புறம்?”

“அப்பா கூட வேலை செஞ்சவங்க எப்பவாவது கூப்பிடறாங்க. விஷயம் தெரியாதவங்க. எனக்குச் சொல்ல வரலைக்கா. வெளிய போயிருக்காருன்னு சொல்லிடறேன்.” கட்டைவிரலால் அந்த அஞ்சாம் நம்பர் பட்டனைத் தேய்க்கிறான். “நீ கேட்டப்போ குடுத்திருக்கணும். குடுக்க மனசு வரல.”

ஒன்றரை வருஷமாக நான் கூண்டின் இந்தப் பக்கம் வந்து பார்த்துவிட்டு இல்லை என்று போய்க்கொண்டே இருந்திருக்கிறேன். “அன்னிக்கு நான்தாண்டா உன் கையை விட்டேன்” என்கிறேன், உயிர் காலேஜில் என்று சொல்ல வாய் வரவில்லை. “தெரியும்கா” என்கிறான். அவன் வாசல் பக்கம் ஓடத் திரும்புகிறான், நான் சட்டையை விடவில்லை. போகாதே என்கிறேன். ஒரு நிமிஷம் நில்லு. தொலைஞ்சவங்க நடக்கக் கூடாது. தொலைஞ்சது யார் என்று அவனும் கேட்கவில்லை. சுற்றிலும் பெட்ஷீட்டுகளை உதறி மடிக்கிறார்கள், மைக்கில் மஞ்சள் சட்டைப் பையனின் அம்மா கிடைத்துவிட்டதாகச் சொல்கிறார்கள், நாங்கள் இரண்டு பேரும் குனிந்து அவன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். நாலு நாற்பத்தொன்பது. ஐம்பது. அப்பா, ஒரே ஒரு தடவை.

டிரிங் டிரிங் என்கிறது. இரண்டு தெருவுக்குக் கேட்கிற அதே மணி. பக்கத்தில் ஒரு பெரியவர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்க்கிறார். பார்த்தி போனை என்னிடம் நீட்டுகிறான். நான் பச்சைப் பட்டனை அழுத்திக் காதில் வைக்கிறேன்.

“தணிகாசலம் வீடு” என்கிறேன்.

அந்தப் பக்கம் கூட்டத்தின் இரைச்சல், அதற்குள் மிதுலா விசும்புகிற சத்தம், அப்புறம் அந்தப் பெண் காவலரின் குரல்.

“பாப்பா இங்கதான் இருக்குதும்மா, பயப்படாதீங்க. நீங்க எங்க இருக்கீங்க?”